ஏரி வாரியத்திலிருந்து மின்வாரியம் வரை

கரன்ட் போனால் கிராமத்தில் யாரும் மின்வாரியத்தைக் கூப்பிடுவதில்லை, ஈ.பி.யைத்தான் கூப்பிடுகிறார்கள். குழாயில் தண்ணீர் வராவிட்டால் குடிநீர் வடிகால் வாரியத்தை யாரும் திட்டுவதில்லை, மோட்டார் போடுகிறவரைத்தான் திட்டுகிறார்கள். பெயர்ப்பலகையிலும் ரசீதிலும் செய்தித்தாளிலும் குடியிருக்கும் சொல்லாகிவிட்டது 'வாரியம்'. ஒரே ஓர் இடத்தில் அது இன்னும் வாய்ச்சொல்லாகப் புழங்குகிறது. "வாரியத்துல பதிஞ்சிட்டியா?" என்று கொத்தனார் சித்தாளைக் கேட்பார். கட்டுமானத் தொழிலாளர் நலவாரியம் என்று முழுப்பெயரைச் சொல்ல யாருக்கும் பொறுமை கிடையாது. அவர்கள் பேச்சில் வாரியம் என்றால் அட்டை, அட்டை என்றால் பிள்ளையின் படிப்புக்கும் மகளின் கல்யாணத்துக்கும் கிடைக்கும் உதவித்தொகை.

இந்தச் சொல்லைத் தலைமைச் செயலகத்தில் யாரோ உட்கார்ந்து கட்டினார்கள் என்று நினைப்பவர்கள் உண்டு. ஆயிரத்து இருநூறு ஆண்டுக்கு முன்பே வயலும் ஏரியுமாக இருந்த ஊர்களில் அது வழங்கியது. உழவூர் ஒன்று தன் வேலைகளைத் தானே பார்த்துக்கொண்ட முறைக்கு அது பெயர்.

முதலில் தெற்கே போவோம். திருநெல்வேலிக்குப் பக்கத்திலுள்ள மானூரில் பாண்டியன் மாறஞ்சடையன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. கி.பி. 800ஐ ஒட்டியது. ஊர்ச் சபையில் யார் பேசலாம், யார் பேசக்கூடாது என்று விதி செய்கிறது. நிலப்பங்கு இருக்கவேண்டும், கல்வி இருக்கவேண்டும், நல்லொழுக்கம் இருக்கவேண்டும். இந்தத் தகுதி இல்லாதவர்கள் எந்த வகை வாரியமும் 'ஏற'க் கூடாது என்கிறது. அதே கல்வெட்டில் எனக்கு மிகவும் பிடித்த விதி இன்னொன்று. எந்தக் காரியம் வந்தாலும் 'அன்று, அன்று' என்று மறுத்துக் குறுக்கே நிற்பதற்கு அங்கே 'குத்துக்கால்' என்று பெயர். குத்துக்கால் செய்கிறவருக்கும், அவருக்குப் பரிந்து பேசுகிறவருக்கும் தனித்தனியே ஐந்து காசு தண்டம். மன்றக் கூட்டங்களில் நாற்காலி பறக்கும் இந்தக் காலத்தில் மீட்டெடுக்கத் தக்க சொல் குத்துக்கால்.

வாரியம் முழு உருவத்தில் தெரிவது உத்திரமேரூரில். இன்று காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஒரு பேரூராட்சி. சுற்றிலும் நெல் வயல், பெரிய ஏரி, பேருந்து நிலையம், தாலுகா அலுவலகம் என்று வட தமிழ்நாட்டின் எந்தச் சிறுநகரத்தையும் போன்ற ஊர். அங்கே வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. அதாவது கி.பி. 919, 921. பள்ளிப் பாடநூலில் 'குடவோலை முறை' என்று நாம் மனப்பாடம் செய்தது இதைத்தான். தேர்தல் என்றவுடன் குடத்தையும் ஓலையையும் பிடித்துக்கொண்டு, எதற்காக அந்தத் தேர்தல் என்பதை விட்டுவிட்டோம். குடவோலை வழி மட்டுமே. அந்த வழியில் ஊர் ஆள் எடுத்தது வாரியத்துக்கு.

ஐந்து வாரியங்கள். சம்வத்சர வாரியம், அதாவது ஆண்டு முழுக்க ஊர்ப் பொதுக்காரியம் பார்ப்பது, 12 பேர். தோட்ட வாரியம் 12 பேர். ஏரி வாரியம் 6 பேர். பஞ்சவார வாரியம் 6, பொன் வாரியம் 6. வேறு கல்வெட்டுகளில் கழனி வாரியம், கலிங்கு வாரியம், தடிவழி வாரியம் எல்லாம் வருகின்றன. கலிங்கு என்பது ஏரி நிரம்பினால் மிகைநீர் வழியும் இடம். வட மாவட்டங்களில் 'ஏரி கோடி போகுது' என்கிறார்களே, அந்த இடம். தடிவழி என்பது வயல்வழி. வரப்புச் சண்டை எந்தக் காலத்தில் இல்லை? வயலுக்கு ஒரு வாரியம், வயலுக்குப் போகிற வழிக்கு ஒரு வாரியம், தண்ணீர் வழிகிற இடத்துக்கு ஒரு வாரியம் என்று ஊரின் வேலைகளைப் பிரித்து வைத்திருந்தார்கள்.

உத்திரமேரூரில் 12 சேரி, 30 குடும்பு. சேரி என்பது அப்போது தெருப்பகுதி என்றே பொருள்பட்டது. அந்தச் சொல் பின்னால் என்ன ஆனது என்பது இன்னொரு கட்டுரைக்கான துயரம். குடும்பு என்பது இன்றைய வார்டு. தகுதி இதுதான்: கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம், சொந்த மனையில் கட்டிய வீடு, வயது 35க்கு மேல் 70க்குள், வேதக் கல்வி. 919இல் 30 முதல் 60 என்றிருந்த வயதை இரண்டே ஆண்டில் மாற்றியிருக்கிறார்கள். ஒரு வேதமும் ஒரு பாடியமும் கற்றவருக்கு நிலம் அரைக்கால் வேலி போதும். தஞ்சை வேலிக் கணக்கில் கால் வேலி ஒன்றரை ஏக்கருக்குச் சற்று மேல். இது பிராமணருக்குக் கொடுத்த சதுர்வேதிமங்கலம். ஆகவே உழுதவரும் அறுத்தவரும் பெண்களும் இந்தக் குடத்துக்குள் ஓலையாக விழ வழியே இல்லை. 'உலகின் முதல் மக்களாட்சி' என்று மேடையில் முழங்குகிறவர்கள் இதைச் சொல்லாமல் தாண்டுவது நேர்மையல்ல.

ஆனால் தகுதியின்மைப் பட்டியலைப் படிக்கும்போது அதை எழுதியவர்களுக்கு ஊர்க்குணம் நன்றாகத் தெரிந்திருந்தது என்று ஒப்புக்கொண்டே ஆகவேண்டும். முன்பு ஏதாவது வாரியம் செய்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் வரக்கூடாது. அதோடு நிற்கவில்லை. அவருடைய சின்னம்மா பெரியம்மா பிள்ளைகள், அத்தை மாமன் பிள்ளைகள், மாமனார், மைத்துனர், சகோதரியின் கணவர், சகோதரி பிள்ளைகள், மருமகன், அப்பா, மகன் என்று கல்யாணப் பத்திரிகையில் அச்சடிப்பதுபோல் உறவுமுறை ஒவ்வொன்றாக வந்து, இவர்களில் யார் பெயரும் ஓலையில் எழுதக்கூடாது என்று முடிகிறது. கணக்குக் காட்டாதவன் அடுத்த ஆண்டு மச்சானை நிறுத்துவான் என்று 921இலேயே தெரிந்திருக்கிறது. பிறர் பொருளைக் கவர்ந்தவர், கள்ளக் கையெழுத்திட்டவர், தண்டனையாகக் கழுதைமேல் ஏற்றப்பட்டவர் ஆகியோருக்கும் தடை. கடந்த மூன்று ஆண்டுகளில் வாரியம் செய்தவருக்கும் தடை. அவர் குற்றம் ஏதும் செய்யவில்லை, அவருடைய முறை முடிந்துவிட்டது, அவ்வளவுதான்.

ஓலை எடுக்கும் காட்சியும் சாதாரணமானதல்ல. சிறியவர் பெரியவர் உட்பட மகாசபை முழுக்கக் கூடவேண்டும். அன்று ஊரிலிருக்கும் கோயில் நம்பிமார் எல்லாரும் மண்டபத்துக்குள் இருக்கவேண்டும். மூத்த நம்பி ஒருவர் குடத்தை எல்லாரும் காணத் தூக்கிப் பிடிப்பார். ஒன்றும் அறியாத சிறுவன் ஒருவன் அதிலிருந்து ஓலைக்கட்டு ஒன்றை எடுப்பான். அதை வேறு குடத்தில் போட்டுக் குலுக்கி, அதிலிருந்து ஓர் ஓலையை எடுத்து மத்தியஸ்தனிடம் கொடுப்பான். மத்தியஸ்தன் ஐந்து விரலும் அகல விரித்து உள்ளங்கையில் அதை வாங்கவேண்டும். விரலிடுக்கில் வேறோர் ஓலையை ஒளித்து வைத்து மாற்றிவிடக் கூடாது அல்லவா! அவர் படித்தபின் நம்பிமார் எல்லாரும் படிக்கவேண்டும். அதன்பிறகே அந்தப் பெயர் எழுதப்படும். தேர்வானவருக்கு 360 நாள். நடுவில் குற்றம் தெரிந்தால் அப்போதே நீக்கம்.

இப்போது சொல்லுக்கு வருவோம். வாரியம் என்பதன் வேர் எது?

ஏரி வாரியத்தை மட்டும் பார்த்துவிட்டு, வாரி என்றால் நீர், ஆகவே வாரியம் என்பது நீர் நிர்வாகம் என்று சிலர் சொல்வதுண்டு. கேட்க நன்றாக இருக்கிறது. தோட்டமும் பொன்னும் எதிரே வந்து நின்றதும் இந்த விளக்கம் கவிழ்ந்துவிடுகிறது. வாரி என்பதற்கு வருவாய் என்றும் பொருள் உண்டு, அதிலிருந்து வந்தது என்றால் பொன்னுக்குப் பொருந்தும், தடிவழிக்குப் பொருந்தாது. தேர்ந்தெடுத்தல் என்னும் பொருளுள்ள வடமொழி வேரிலிருந்து வந்தது என்பது இன்னொரு கட்சி. தேர்ந்தெடுக்கப்பட்டோர் குழு என்று குடவோலையோடு அது அழகாக ஒட்டிக்கொள்ளும். என்ன சிக்கலென்றால், உத்திரமேரூரார் குடவோலையை வாரியத்துக்கு அடைமொழியாக்கி, இனி 'குடவோலை வாரியமே' இடுவது என்று தீர்மானிக்கிறார்கள். குடவோலை அல்லாத வாரியமும் இருந்திருக்கிறது என்றுதானே இதற்குப் பொருள்?

மூன்றாவது வழி வாரம். வாரம் என்றால் பங்கு. 'நிலத்தை வாரத்துக்கு விட்டிருக்கேன்' என்று இன்றும் சொல்கிறோம். மேல்வாரம், குடிவாரம் இரண்டும் வருவாய்த்துறையின் பழஞ்சொற்கள். வாரம் என்றால் முறை என்றும் பொருள். ஞாயிறு முதல் சனி வரை ஒவ்வொரு கோளுக்கும் ஒரு முறை வருவதால்தான் நாளுக்கு வாரம் என்று பெயர் வந்தது, பிறகு அது ஏழு நாளுக்கும் சேர்ந்து ஆகிவிட்டது. ஊர்ப்பொறுப்பில் எனக்குரிய பங்கு, எனக்கு வரும் முறை என்ற இரண்டு பொருளும் வாரியத்தில் கலந்திருக்கின்றன என்பது என் சாய்வு. பஞ்சவார வாரியம் என்ற தொடரில் இரண்டு சொல்லும் அடுத்தடுத்து நிற்கின்றன. பஞ்சவாரம் என்பதற்கு அறிஞர்கள் ஒரே பொருள் சொல்வதில்லை. நெல்லாக வாங்கிய வரிப்பங்கு என்பது அவற்றுள் பொருத்தமானது. பங்கு வாரம், அதைக் கவனிக்கும் பொறுப்பு வாரியம் என்று கல் வெட்டியவர் வேறுபடுத்தியே எழுதியிருக்கிறார்.

வேரைவிட வினைச்சொற்கள் இன்னும் உறுதியான சான்று. பழைய கல்வெட்டுகளில் வாரியம் எந்த வினையோடு சேர்கிறது என்று கவனியுங்கள். வாரியம் ஏறுகிறார்கள், இடுகிறார்கள், செய்கிறார்கள். 'வாரியம் செய்து கணக்குக் காட்டாதவர்' என்பதுதான் உத்திரமேரூரின் வசை. காவல் செய்வதுபோல, சமையல் செய்வதுபோல, ஒருவர் செய்கிற வேலை வாரியம். இன்று வாரியத்தை அமைக்கிறோம், கலைக்கிறோம், அதற்குத் தலைவரை நியமிக்கிறோம். வாரியம் செய்கிறோம் என்று ஒருவரும் சொல்வதில்லை.

ஒலியை வைத்து ஏமாறக்கூடாத இரண்டு சொற்களையும் இங்கேயே ஒதுக்கிவிடலாம். வாரிசு அரபியிலிருந்து வந்தது. ரயத்துவாரி, சாதிவாரி என்பவற்றின் வாரி பாரசீக வழியில் வருவாய்க் கணக்கோடு நுழைந்தது. வாரியத்துக்கும் இவற்றுக்கும் உறவில்லை. கேரளத்தில் கோயில் பணி செய்யும் வாரியர் குடும்பத்தின் வீட்டுக்கு வாரியம் என்று பெயர். கோயில் காரியம் பார்த்த பழைய பொறுப்போடு அதை இணைத்துப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். அது கொஞ்சம் நம்பத்தக்கது.

சோழர் ஆட்சி ஒடுங்கியபின் இந்தச் சொல் கல்வெட்டுகளில் அருகிவிடுகிறது. ஊரில் முறை போய்ப் பரம்பரை வந்தது. கணக்கு எழுதுவது ஒரு குடும்பத்துக்கு, மணியம் ஒரு குடும்பத்துக்கு, தலையாரி ஒரு குடும்பத்துக்கு என்றானது. வெள்ளைக்காரர்கள் அதைச் சட்டமாக்கி வைத்தார்கள். கர்ணம் பிள்ளை கர்ணம் என்ற நிலை எம்.ஜி.ஆர். அரசு 1980 நவம்பரில் அவசரச் சட்டம் போடும்வரை தொடர்ந்தது. அதற்குப் பிறகுதான் வி.ஏ.ஓ. வந்தார், தேர்வு எழுதி. 360 நாளில் இறங்கிவிடவேண்டும் என்று விதி செய்த நாட்டில், தாத்தா உட்கார்ந்த திண்ணையிலேயே பேரனும் அடங்கலைப் புரட்டிக்கொண்டிருந்த இடைக்காலம் பல நூற்றாண்டு.

இதற்கிடையில் ஆங்கிலேயர் தங்கள் சொல்லைக் கொண்டுவந்து இறக்கினார்கள். 1884ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஜில்லா போர்டும் தாலுகா போர்டும் வந்தன. 'போர்டு ஸ்கூல்ல படிச்சவன்' என்று பெருமையாகவும் இளப்பமாகவும் சொல்லும் முதியவர்களை இன்றும் பார்க்கலாம். போர்டு தமிழ்ச்சொல்லாகவே ஆகிவிட்டிருந்தது.

உத்திரமேரூர்க் கல்வெட்டுகளைக் கல்வெட்டறிஞர் வெங்கய்யா 1904-05ஆம் ஆண்டின் தொல்லியல் அறிக்கையில் விரிவாக எழுதினார். அவர் எழுதியது ஆங்கிலத்தில். நீலகண்ட சாஸ்திரியார் எழுதியதும் ஆங்கிலத்தில். சதாசிவப் பண்டாரத்தார் போன்றவர்கள் சோழர் வரலாற்றைத் தமிழில் எழுதியபோது சபை, வாரியம், குடும்பு எல்லாம் மறுபடி தமிழ் எழுத்தில் உலவத் தொடங்கின. 1956இல் தமிழை ஆட்சிமொழியாக்கிச் சட்டம் வந்தது. அலுவலகங்களுக்குத் தமிழ்ப் பெயர் தேவைப்பட்டது. 1957 ஜூலை 1இல் மாநில மின்சார போர்டு பிறந்தது. 1961இல் வீட்டுவசதி, 1970இல் குடிசை மாற்று, 1971இல் குடிநீர் வடிகால் என்று போர்டுகள் வரிசையாக வர, எல்லாவற்றுக்கும் தமிழில் வாரியம் என்ற பெயர் நிலைத்தது. ஊர்க்காரர் செய்த வேலையின் பெயர் சென்னையில் உட்கார்ந்திருக்கும் அமைப்பின் பெயராயிற்று. இந்தியக் கிரிக்கெட்டை ஆள்வதும் வாரியம்தான். உத்திரமேரூர் மத்தியஸ்தன் கேட்டால் முதலில் கணக்கைத்தான் கேட்பார்.

போர்டுக்கு வாரியம் என்றே தமிழ் கூறும் உலகம் முழுவதும் சொல்லவில்லை. இலங்கையில் மின்சார சபை, நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை. சிங்கப்பூரில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், மத்திய சேமநிதிக் கழகம். மலேசியத் தமிழ்ப் பள்ளிகளில் பள்ளி மேலாளர் வாரியம். உத்திரமேரூர்க் கண்ணால் பார்த்தால் இலங்கைக்காரர்கள் வேலை கொடுத்தவரின் பெயரை எடுத்துக்கொண்டார்கள், நாம் வேலை செய்தவரின் பெயரை எடுத்துக்கொண்டோம். சபைதான் வாரியத்தை இட்டது. சிங்கப்பூரின் கழகம் திருக்குறளில் சூதாடுமிடத்துக்கு வழங்கிய சொல். வீட்டுக்குச் சீட்டுக் குலுக்கும்போது பொருத்தமாகத்தான் இருக்கிறது.

இந்தச் சொல் நம் காலத்தில் ஒரே ஒரு முறை தெருவுக்கு இறங்கி வந்தது, 2018இல். நடுவர் மன்றம் 2007 இறுதித் தீர்ப்பில் சொன்ன காவிரி மேலாண்மை வாரியத்தை அமைக்கச் சொல்லித் தமிழ்நாடு முழுக்கப் போராட்டம். டெல்டாவில் சின்னப் பிள்ளைகூட வாரியம் என்று சொன்ன மாதங்கள் அவை. பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அதிலிருந்த ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு என்ன பொருள் என்று மத்திய அரசு விளக்கம் கேட்டது. ஜூனில் வந்தது வாரியமல்ல, ஆணையம். பெயரில் என்ன இருக்கிறது என்று அப்போது கேட்டவர்களுக்கு உழவர்கள் சரியான பதில் வைத்திருந்தார்கள்: மதகைத் திறக்க யாருக்கு அதிகாரம் என்பது இருக்கிறது. பழைய ஏரி வாரியத்தின் கேள்வியும் அதுதான்.

ஏரிகள் இப்போது யாரிடம்? தமிழ்நாட்டில் ஆயக்கட்டு 100 ஏக்கருக்கு மேலுள்ள ஏரி என்றால் நீர்வளத்துறை, அதற்குக் கீழ் என்றால் ஊராட்சி ஒன்றியம் என்பது பொது ஏற்பாடு. ஊர்க்காரருக்கு மிச்சமிருப்பது நீர்க்கட்டி ஒருவர், அவருக்கு அறுவடையில் கொடுக்கும் நெல். பல ஊர்களில் அதுவும் நின்றுவிட்டது. இன்னொன்றையும் சொல்லவேண்டும். கிராம சபை என்பது சட்டப்படி ஊராட்சிகளுக்கே உண்டு. சபைக்குப் பேர்போன உத்திரமேரூர் இன்று பேரூராட்சி, ஆகவே அங்கே கிராம சபை கிடையாது. நகர்ப்புறங்களில் பகுதி சபை கூட்டும் ஏற்பாடு 2022இல்தான் தொடங்கியது. உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு என்று 2016இல் சட்டம் வந்ததும், பழைய குடத்துக்குள் விழ முடியாத பெயர்கள் வாக்குச்சீட்டில் வந்துவிட்டதும் பராந்தகன் ஊரைவிட நாம் முன்னேறிய இடம். தலைவியின் நாற்காலிக்குப் பக்கத்தில் கணவர் உட்கார்ந்து கையெழுத்து எங்கே போடவேண்டும் என்று காட்டும் ஊர்களில், 921இன் உறவினர் பட்டியலை எடுத்து ஒட்டினால் தேவலை.

2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமர் உத்திரமேரூரைக் குறிப்பிட்டார். அதற்கு முன்னும் பின்னும் தலைவர்கள் பலர் குறிப்பிட்டிருக்கிறார்கள். எல்லாரும் குடத்தையே சொல்கிறார்கள்.

இனி ஏதாவது ஒரு தொழிலுக்கோ நலனுக்கோ புதிதாக வாரியம் அமைக்க அரசாணை எழுதப்போகும் அதிகாரிகளுக்கு ஒரு வேண்டுகோள். கல்வெட்டிலிருந்து பெயரை எடுத்துக்கொண்டீர்கள், நல்லது. அதே சுவரில் இருக்கும் மூன்று விதிகளையும் சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள்: ஆண்டோடு இறங்குவது, மூன்றாண்டு இடைவெளி விடுவது, கணக்குக் காட்டாதவரின் மச்சானையும் சேர்க்காதது. அந்த மூன்றும் முடியாதென்றால் இலங்கைக்காரர்களைப்போல் சபை என்றே பெயர் வைத்துவிடலாம்.